உங்களுக்குத் தெரியுமா? குடும்பத்துக்கே ஒரே வாரிசு!

கிழக்கு இமயமலையின் ஈரக் காடுகளில் எலாச்சுரா என்றொரு குருவி இருக்கிறது. நீளம் சுமார் 10 செ.மீ. தான். கரும்பழுப்பு உடம்பில் பொடிப்பொடியாய் வெள்ளைப் புள்ளிகள். செம்பழுப்புச் சிறகிலும் குட்டை வாலிலும் கறுப்புப் பட்டைகள். வடகிழக்கு இந்தியாவிலிருந்து மியான்மர், தெற்குச் சீனா, வியட்நாம் வரை பரவியிருந்தும் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. ஓடையோரப் புதருக்குள், பாசி படிந்த பாறைகளின் நடுவே பதுங்கியே திரியும்.

1874-ல் இதற்குப் பெயர் சூட்டிய வால்டன் பிரபு, 'ரென்' குருவிகளின் பேரினத்தில் சேர்த்தார். பின்னால் வந்தவர்கள் சிலம்பன் கூட்டத்துக்கு மாற்றினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அதே காட்டில், ஏறக்குறைய அதே அளவில், அதே நிறத்தில் குட்டிச் சிலம்பன்கள் திரிகின்றனவே!

குரல் மட்டும் ஒட்டவில்லை. மெல்லிய உச்சஸ்தாயியில், பூச்சி ரீங்கரிப்பதுபோல் ஒரு பாட்டு. கேட்டவர்கள் இதைப் பறவை என்றே நினைக்காமல் கடந்து போயிருக்கலாம்.

2014-ல் சுவீடனைச் சேர்ந்த பெர் ஆல்ஸ்ட்ரோம் குழு மரபணுவை ஆராய்ந்து 'பயாலஜி லெட்டர்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டது. எலாச்சுரா ரென்னும் இல்லை, சிலம்பனும் இல்லை! உலகப் பறவை இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடங்கிய 'பாஸரிடா' என்ற பெருங்கூட்டம் பத்துக் கிளைகளாகப் பிரிகிறது என்றது அந்த ஆய்வு. சில கிளைகளில் நூற்றுக்கணக்கான இனங்கள்; ஒரு கிளையில் இது மட்டும், தன்னந்தனியாக. 'எலாச்சுரிடே' என்று தனிக் குடும்பமே உருவானது.

அப்படியானால் அந்தச் சிலம்பன் சாயல்? காட்டுத் தரையில், புதருக்குள் ஒரேவிதமாய்ப் பிழைப்பு நடத்தும் உயிர்கள் உறவில்லாமலே ஒத்த உருவத்துக்கு வந்து சேர்வதுண்டு.

நம் சோலைக்காடுகளிலும் இப்படியொரு திருத்தம் நடந்தது. 'ஷார்ட்விங்' என்ற இமயமலைப் பறவைகளோடு சேர்த்து எண்ணப்பட்டிருந்த மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைகள், உண்மையில் ஈப்பிடிப்பான்களுக்கு நெருங்கியவை என்று தெரியவந்தது. 2017-ல் 'ஷோலிகோலா' என்ற புதிய பேரினம் பிறந்தது. அகத்தியமலைப் பகுதியில் வாழ்பவை புதிய இனமாகவே அறிவிக்கப்பட்டன. ஊட்டியில் இருப்பது ஓர் இனம், பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே கொடைக்கானலில் இருப்பது வேறோர் இனம்.