வாய் பேசா நோயாளிகள்

நோயுற்ற ஒருவன் மருத்துவனை அடைந்தால், மருத்துவன் முதற்கண் கேட்பது, "உமக்கு என்ன செய்கிறது?" என்பதே. எங்கே நோகிறது, எப்பொழுது தொடங்கியது, என்ன உண்டான் என்பவற்றை நோயாளியே எடுத்துச் சொல்வான். நோயாளிக்கு வாயிருந்தும் மொழியில்லையாயின் மருத்துவன் செய்யக்கடவது யாது? நாயும் பூனையும் நம் வீட்டில் வாழ்ந்து, நம் கையால் உண்டு, நம் காலடியில் உறங்குவன. எனினும், தம் நோயைச் சொல்லும் ஆற்றல் அவற்றுக்கு இல்லை. அச்சொல்லாத சொல்லைக் கண்ணாலும் கையாலும் செவியாலும் படித்தறியும் கலையே மிருக வைத்தியம்.

இலக்கணம் கற்பிக்கும் ஒருவனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவக் கூடும். வினா நேரியதே. விடையாக என் பிழை ஒன்றை ஈண்டு ஒளியாது கூறுகின்றேன்.

யான் செய்த வைத்தியம்

எம் வீட்டில் ஒரு பெண்பூனை இருந்தது. என் இளைய மகள் அதற்கு 'வெள்ளை' என்று பெயரிட்டிருந்தாள். சென்ற மாரிகாலத்தில் ஒரு நாள் அஃது உணவு கொள்ளாது அறை மூலையிற் பதுங்கிக் கிடந்தது. காதைத் தொட்டேன், சுட்டது. வயிற்றைத் தொட்டேன், அதுவும் சுட்டது. காய்ச்சல் என்று துணிந்தேன். வீட்டில் எல்லோரும் உட்கொள்ளும் பரசிற்றமோல் குளிசையில் அரைவாசியைப் பொடித்து நீரிற் கரைத்து அதன் வாயிற் புகட்டினேன். நன்மை செய்துவிட்டதாக எண்ணி உறங்கப் போனேன்.

நள்ளிரவில் அதன் முகம் வீங்கியது, வாய்நீர் வடிந்தது, மூச்சு வாங்கியது. விடிந்ததும் வாயைத் திறந்து பார்த்தபோது, இளஞ்சிவப்பாய் இருக்கவேண்டிய முரசு மண்ணிறமாய் மாறியிருந்தது. நண்பகலில் அது மகளின் மடியிலேயே இறந்தது. நோய் முற்றியதனால் இறந்தது என்றே யான் அவளுக்குச் சொன்னேன். அப்படித்தான் யானும் நம்பினேன்.

சில நாள் கழித்து, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்தியம் பயிலும் என் பழைய மாணாக்கி ஒருத்தி விடுமுறையில் எம்மைக் காண வந்தாள். நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாதிருந்தவள், "ஐயா, பூனைக்குக் காய்ச்சல் என்று எப்படி அறிந்தீர்கள்?" என்று மெல்லக் கேட்டாள்.

"தொட்டுப் பார்த்தேன், பிள்ளை, சுட்டது."

"நலமாயிருக்கிற பூனையும் எங்கள் கைக்குச் சுடத்தான் செய்யும், ஐயா."

முன்னர் அவளுக்கு நன்னூல் கற்பித்த அதே திண்ணையில் இருந்து, அன்று அவள் எனக்குப் பாடஞ் சொன்னாள். அப்பாடத்தின் சாரமும், அதன்பின் யான் கேட்டும் கற்றும் அறிந்தனவுமே இக்கட்டுரை.

இயல்பை அறிந்தாலன்றித் திரிபை அறியலாகாது

புணரியலில் இயல்பு புணர்ச்சியை அறிந்த பின்னரே விகாரப் புணர்ச்சியைக் கற்பிக்கின்றோம். மருத்துவத்தின் முறையும் அதுவே. மனிதனின் உடல் வெப்பம் ஏறத்தாழ 98.6 பாகை பரன்ஹைட். நாயின் இயல்பான வெப்பம் ஏறத்தாழ 101 முதல் 102.5 பாகை வரை. பூனையினதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆதலின், நம் கை அவற்றின் நலத்தையே காய்ச்சலென மயங்குகிறது. மூக்கு உலர்ந்திருப்பதும் ஈரமாயிருப்பதும் காய்ச்சலுக்கு அளவுகோல் ஆகா. குதவழி வைத்துப் பார்க்கும் வெப்பமானி ஒன்றே நம்பத்தக்கது.

நாடித் துடிப்பைப் பின்னங்காலின் உட்டொடையில் விரல் வைத்து எண்ணுவர். ஓய்ந்திருக்கும் வளர்ந்த நாய்க்கு நிமிடத்துக்கு 60 முதல் 140 வரை துடிப்பது இயல்பு. பெரிய நாய்க்குக் குறைவாகவும் சிறிய நாய்க்கு மிகுதியாகவும் இருக்கும். வைத்தியர் மேசைமேல் இருக்கும் பூனைக்கு 140 முதல் 220 வரை துடிக்கும். மூச்சை எண்ணுதற்குக் கருவி எதுவும் வேண்டா, கண்ணே போதும். உறங்கும் நாயோ பூனையோ நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் இடைவிடாது மூச்சு விடுமாயின், நெஞ்சறையில் நோயுண்டென ஐயுறல் வேண்டும். வெயிலில் ஓடிய நாய் வாய் திறந்து இளைப்பது இயல்பு. ஓய்ந்திருக்கும் பூனை வாய் திறந்து மூச்சு விடுதல் பேராபத்தின் அறிகுறி.

அடுத்தது முரசு. இளஞ்சிவப்பு நலத்தின் நிறம். வெளிறினால் குருதிக் குறைவோ அதிர்ச்சியோ உண்டு, மஞ்சளானால் காமாலை, நீலம் பாய்ந்தால் உயிர்வளிக் குறைவு. முரசை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதித்தால் குருதியோட்டம் தளர்ந்தது என்பது பொருள். தோளின் மேற்றோலைத் தூக்கி விட்டால் அது விரைந்து படிய வேண்டும். படியாது நின்றால் உடலில் நீர் வற்றியது என்பது குறிப்பு. ஆயின் உடலெடையில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் குறைவான நீரிழப்பை இச்சோதனை காட்டாது; முதுமையால் மெலிந்த விலங்கில் நீரிழப்பு இல்லாதபோதும் தோல் தாமதித்தே படியும். ஒரு குறியை மட்டும் கொண்டு முடிவு செய்தல் ஆகாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

வெப்பம், நாடி, மூச்சு ஆகிய மூன்றோடு நோவையும் ஊட்டத்தையும் சேர்த்து, ஐந்தையும் ஒவ்வொரு முறையும் பார்த்தல் வேண்டும் என உலகச் சிறுவிலங்கு மிருக வைத்தியச் சங்கம் வலியுறுத்துகின்றது. நோவை எவ்வாறு அளப்பது? பூனை நோவை மறைக்கும் இயல்பினது. அதன் முகத்தைக் கொண்டே நோவை மதிப்பிடும் முறையொன்றைக் கனடாவின் மொன்றியல் பல்கலைக்கழகத்தார் 2019 இல் வெளியிட்டனர். காதின் நிலை, கண்ணின் ஒடுக்கம், முகவாயின் இறுக்கம், மீசையின் போக்கு, தலையின் தாழ்வு என்னும் ஐந்தையும் நோக்கி எண்ணிடுவர். முகத்திற் குறிப்பறிதல் என்று நாம் நூல்களிற் படித்ததனை இவர்கள் அளவைப்படுத்தியிருக்கின்றனர்.

பூனை சிறிய நாய் அன்று

தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைக்குக் குருளை என்னும் பெயரையும், வெருகு எனப்படும் பூனையின் இளமைக்குக் குட்டி என்னும் பெயரையும் எடுத்தோதுகின்றது. குட்டி என்பது நாய்க்கும் வழங்குமெனினும் இரண்டும் வேறென்பதை முன்னோர் மறந்திலர். மிருக வைத்தியம் பயில்வோர்க்குச் சொல்லப்படும் முதல் எச்சரிக்கைகளுள் ஒன்றும் இதுவே: பூனையைச் சிறிய நாயென்று எண்ணற்க.

பரசிற்றமோல் நம் உடலிற் புகுந்தால், ஈரல் அதனோடு வேறொரு பொருளைச் சேர்த்துத் தீங்கற்றதாக்கி வெளியேற்றுகிறது. பூனையின் ஈரலுக்கு அவ்வாற்றல் மிகக் குறைவு. ஆகவே மருந்து நஞ்சாய்த் திரிந்து செங்குருதிக் கலங்களைத் தாக்குகிறது. குருதி உயிர்வளியைச் சுமக்க மாட்டாது மண்ணிறமாகிறது. யான் கண்ட முரசின் நிறம் அதுவே. அரைக் குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். சில மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் கொண்டு சென்றிருந்தால் அசற்றைல்சிஸ்ரீன் என்னும் மாற்று மருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கலாம் என்றும் மாணாக்கி சொன்னாள். அதைக் கேட்டபோது என் தலை கவிழ்ந்தது.

நாயின் உண்ணிக்கும் தெள்ளுக்கும் இடும் பேமெத்திரின் என்னும் மருந்தும் பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கிக் கொல்ல வல்லது. பூனை ஊனுண்டே வாழப் படைக்கப்பட்டது. ஊனிலுள்ள தோறின் என்னும் சத்துக் குறைந்தால் அதன் நெஞ்சம் தளரும் என்பது 1987 இல் தெளிவாயிற்று. கொழுத்த பூனை சில நாள் உண்ணாதிருந்தால், உடற்கொழுப்பு ஈரலிற் படிந்து அதுவே தனி நோயாகும். நாய் ஒரு நாள் பட்டினி கிடப்பதும் பூனை பல நாள் பட்டினி கிடப்பதும் ஒன்றல்ல.

கடுவன் பூனைக்கு வரும் இடர் ஒன்றை வீட்டார் யாவரும் அறிதல் நன்று. அது அடிக்கடி குந்தி முக்கும், ஒன்றும் வெளிவராது. மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் புகட்டுவோர் பலர். உண்மையில் அடைபட்டது சிறுநீர் வழியாக இருக்கலாம். கடுவனின் சிறுநீர்க் குழாய் மிக ஒடுங்கியது. வயிற்றைத் தடவும் வைத்தியர் கையில் நீர்ப்பை கல்லைப்போல் தட்டுப்படும். வெளியேறாத பொற்றாசியம் குருதியில் மிகுந்து நெஞ்சத் துடிப்பைத் தாழ்த்தும். இரண்டொரு நாளில் உயிர் போகும். இது நாளை பார்க்கலாம் என்னும் நோயன்று.

நாய்க்கு வரும் நோய்கள்

நாய்க்குட்டிகளைக் கொள்ளை கொள்ளும் பார்வோ நோய் 1978 இல் உலகெங்கும் இனங்காணப்பட்டது. அந்நோய்க் கிருமி விரைந்து பெருகும் கலங்களைத் தேடித் தாக்கும். அதனால் குடலின் உட்படலமும் எலும்பு மச்சையும் அழியும். வாந்தியும் குருதி கலந்த வயிற்றோட்டமும் தோன்றும். கிருமியை நேரே கொல்லும் மருந்தை நம்பியிருத்தல் இயலாது. நாளம் வழியே நீரூட்டி, வாந்தியை அடக்கி, பற்றீரியா தொற்றாது காத்து, உடல் தானே வெல்லும்வரை தாங்கிப் பிடித்தலே வைத்தியம். அக்கிருமி நிலத்தில் மாதக்கணக்கில் உயிர்த்திருக்கும்.

தடுப்பூசியை ஏன் பலமுறை போடவேண்டும் என்று பலரும் கேட்பதுண்டு. தாய்ப்பாலால் வந்த காப்பு குட்டியின் குருதியில் இருக்கும்வரை தடுப்பூசியின் ஆற்றலை அதுவே முறியடித்துவிடும். அக்காப்பு எந்த வாரத்தில் நீங்கும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடும். ஆகவே ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, சில வாரத்துக்கு ஒருமுறையாக, பதினாறாம் வாரமோ அதன் பின்னரோ இறுதி ஊசி அமையுமாறு போடுவர். முதல் ஊசியோடு நிறுத்துவோர் காப்பில்லாத குட்டியைக் காப்புடையது என்று நம்பி ஏமாறுவர்.

நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சலும் பெரிது. உண்ணி கடிக்கும்போது பபேசியா என்னும் நுண்ணுயிர் செங்குருதிக் கலத்திலும், எர்லிக்கியா என்னும் பற்றீரியா வெண்குருதிக் கலத்திலும் புகக்கூடும். இரண்டிலும் நாய் சோர்ந்து, உண்ணாது, காய்ச்சலுற்று, முரசு வெளிறிக் கிடக்கும். புறத்தோற்றம் ஒன்றாயினும் மருந்து ஒன்றன்று. ஆதலின் ஒரு துளி குருதியைக் கண்ணாடித் தகட்டிற் பூசி நுணுக்குக்காட்டியால் நோக்குவர். நோயை நாடாது மருந்தை நாடுதல் ஆகாது.

மனிதனையும் கொல்லும் நோய்

எல்லாவற்றிலும் கொடியது நீர்வெறுப்பு நோய். லூயி பாஸ்டர் 1885 ஆம் ஆண்டு யூலை 6 ஆம் நாள் யோசேப்பு மைஸ்டர் என்னும் சிறுவனுக்கு முதன்முதல் அதன் தடுப்பு மருந்தை ஏற்றினார். அந்நோய்க் குறிகள் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது என்பது இன்றும் மாறாத உண்மை. மனிதருக்கு வரும் இந்நோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாயால் வருவது. இத்துறையிற் புகும் மாணவர் முன்னரே தமக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வது இதனாலேயே.

நோயின் ஒரு வகையில் நாய் வெறிகொண்டு கடியாது. தாடை தொங்கி, வாய்நீர் வடிய, விழுங்க மாட்டாது நிற்கும். தொண்டையில் எலும்பு சிக்கியதென்று இரக்கங்கொண்டு கையை விடுவோர் தம்முயிரையே பணயம் வைக்கின்றனர். கடிபட்டால் புண்ணைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாது வைத்தியசாலையை அடைதல் வேண்டும். கடித்த நாயையோ பூனையையோ கொன்றுவிடாது, கட்டி வைத்துப் பத்து நாள் நோக்குதல் நன்று. ஓர் ஊரின் நாய்களுள் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பர். ஆதலின் நாய்க்கு இடும் ஊசி அயல்வீட்டுப் பிள்ளைக்கு இடும் காப்பும் ஆகும்.

உழைச்செல்வான் கடன்

நிற்க. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. உழைச்செல்வான் என்பான் பக்கத்திலிருந்து நோயாளிக்குப் பணி செய்பவன். வாய் பேசா உயிர்க்கு அவன் நாவாகவும் இருத்தல் வேண்டும். எப்பொழுது கடைசியாக உண்டது, எத்தனை தடவை வாந்தியெடுத்தது, சிறுநீர் கழிந்ததா, என்ன மருந்து கொடுத்தோம் என்பவற்றை ஒளியாது சொல்லுதல் அவன் கடன். நாணத்தால் மறைக்கும் ஒரு சொல் ஓர் உயிரைப் போக்கும்.

அன்று மாலை மகளை அழைத்து உண்மையைச் சொன்னேன்: "வெள்ளை நோயால் சாகவில்லை, பிள்ளை; அப்பா கொடுத்த குளிசையாற் செத்தது." அவள் அழுதாள். பின்னர், "நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லைத்தானே, அப்பா" என்றாள். வேண்டுமென்று செய்யவில்லை, ஆனால் கேட்டுச் செய்திருக்கலாம். இரக்கம் மட்டும் இருந்து அறிவு இல்லாதவிடத்து, அவ்விரக்கமே கொலைக் கருவியாகி விடுகிறது.

இப்பொழுது எம் வீட்டில் இன்னொரு பூனைக்குட்டி வளர்கின்றது. சுவரில் மிருக வைத்தியரின் தொலைபேசி எண் எழுதப்பட்டிருக்கிறது. அதனருகில் ஒரு வெப்பமானி தொங்குகின்றது. உறங்கும் குட்டியின் மூச்சை என் மகள் நாள்தோறும் எண்ணிக் குறித்து வைக்கிறாள். பெரியவளானால் பேராதனைக்குப் போவேன் என்கிறாள். போகட்டும்.