வயல்ல சுட ஒரு ‘பாயின்ட் 22’ வாங்கலாமா? பட்டனைத் தட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

யூடியூப்ல அமெரிக்காக்காரர் ஒருத்தர் தோட்டத்துல நின்னு பாயின்ட் 22 ரைஃபிளால முயல் சுடுற வீடியோ பார்த்திருப்பீங்க. உடனே, ‘நம்ம வயல்லயும் கொக்கு, மடையான், எலி, மயில்னு ஏகப்பட்டது திரியுதே, ஒண்ணு வாங்கிப் போட்டா என்ன?’ன்னு தோணும். தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். எந்த மாடல்னு பார்க்கிறதுக்கு முன்னாடி, எதைச் சுடப்போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. அதுலதான் எல்லாமே இருக்கு.

வேட்டைன்னா கதை அங்கேயே முடிஞ்சுது!

1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டியலில் இருக்கும் எந்த உயிரினத்தையும் வேட்டையாட முடியாது. சுட்டுக் குறி தப்பினாலும், அந்த முயற்சியே வேட்டைதான். கூட்டைக் கலைத்தாலும் முட்டையை எடுத்தாலும் அதே சட்டம்தான்.

நம் வயலில் நிற்கும் கொக்கு, நாரை, மடையான் எல்லாம் இந்தப் பாதுகாப்புக்குள் வருபவை. பிடிபட்டால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. மயில் முதல் பட்டியலில் இருக்கிறது. அதைச் சுட்டால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. துப்பாக்கியோடு, போன பைக்கும் பறிபோகலாம்.

‘காட்டுப்பன்றி பயிரை நாசம் பண்ணுதே?’ என்று கேட்கலாம். தமிழக அரசு 2025-ல் கொண்டுவந்த நடைமுறையிலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுடும் வேலை வனத்துறைக்குத்தான். வயல்காரருக்கு அந்த அனுமதி இல்லை.

பறவை போனா யாருக்கு நஷ்டம்?

வடுவூர் ஏரியும் உதயமார்த்தாண்டபுரமும் 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. அங்கே தங்கும் பறவைகள் இரை தேடுவது சுற்றியிருக்கும் வயல்களில்தான். நத்தைகுத்தி நாரை பேருக்கேற்ற மாதிரி நத்தையைத் தின்னும். டிராக்டர் பின்னாடியே நடக்கிற உண்ணிக்கொக்கு பூச்சியைப் பொறுக்கும். கூகை ராத்திரி முழுக்க எலி பிடிக்கும்.

எலிக்குத் துப்பாக்கி சுத்த வேஸ்ட். அது ராத்திரியில் வரும், பகலில் வளைக்குள் இருக்கும். அதற்கு நம்ம ஊர் பேரிலேயே ஆயுதம் இருக்கு: மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி. கூடவே, ஆந்தை வந்து உட்கார வயலில் ஆங்கில ‘டி’ எழுத்து மாதிரி கழி நட்டு வைத்தால் போதும். பெல்லட் செலவு மிச்சம்.

சமவெளியில் குண்டு எங்கே போகும்?

பாயின்ட் 22 ‘சின்ன குண்டு’தானே என்று நினைக்காதீர்கள். துப்பாக்கியைக் கொஞ்சம் தூக்கிச் சுட்டால், அது ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். மலை ஊரில் ஒரு சரிவாவது குண்டை வாங்கிக்கொள்ளும். டெல்டாவில் என்ன இருக்கு? பார்வை முடியும் வரை வயல், அதற்கப்புறம் ஒரு தெரு. நாற்று நடுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், வாய்க்காலில் குளிக்கும் பிள்ளைகள். இதில் தண்ணீர் கட்டிய வயல் இன்னும் மோசம். சாய்வாகப் படும் குண்டு தண்ணீரில் பட்டுத் தெறித்து, வேறு பக்கம் பாயும். சட்டமே அனுமதித்தாலும் இந்த மண்ணில் அது ஆபத்தான விளையாட்டு.

அப்போ, சுடவே கூடாதா?

தாராளமாகச் சுடலாம், இலக்கை மாத்திக்கிட்டா! கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக்கோப்பைத் தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில்தான். அந்த அட்டையில் 10 மதிப்பெண் புள்ளியின் விட்டம் வெறும் அரை மில்லிமீட்டர். கொக்கைச் சுடுறவங்க ஒரு தடவை அதைச் சுட்டுப் பார்க்கட்டும்! 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த மாநிலப் போட்டிக்கு நடிகர் அஜித் வந்தபோது கூடிய கூட்டம் நினைவிருக்கும். தஞ்சாவூரிலிருந்து அது ஒரு மணி நேரப் பயணம்தான்.

எதை வாங்கலாம்?

லைசென்ஸ் வேண்டாம்னா: 4.5 மி.மீ., அதாவது பாயின்ட் 177 ஏர் ரைஃபிள். 2016 ஆயுத விதிகளின்படி வேகசக்தி 20 ஜூலுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினாலோ, குழாய் இதைவிடப் பெரிதானாலோ லைசென்ஸ் தேவை. அடையாளச் சான்று கேட்கும் கடையில், பில்லோடு வாங்குங்கள்.

பாயின்ட் 22 தான் வேணும்னா: குறைந்தது 21 வயது, போலீஸ் விசாரணை, லைசென்ஸ் என்று நீண்ட வழி. ஆயுதச் சட்டமே, அங்கீகரிக்கப்பட்ட கிளப்பின் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்காகக் கேட்கும் பாயின்ட் 22-வைத் தனியாகக் குறிப்பிடுகிறது. ஆக, முதல் படி கிளப்.

ஸ்பிரிங்கா, பி.சி.பி-யா? குழாயை மடக்கிக் காற்றேற்றும் ஸ்பிரிங் மாடல் விலை குறைவு, பராமரிப்பும் கம்மி. ஆனால் சுடும்போது குலுங்கும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டால் உள்ளே அடி வாங்கும். அடைத்த காற்றில் ஓடும் பி.சி.பி குலுங்காது, ஆனால் பம்ப்போ சிலிண்டரோ தனிச் செலவு. போட்டிக்கான ஜெர்மன் துப்பாக்கிகள் லட்சங்களில் போகும். ஆரம்பத்துக்கு இந்தியத் தயாரிப்பே போதும்.

உடம்புக்குப் பொருந்துதா? கட்டையின் நுனியை முழங்கை மடிப்பில் வைத்தால், விரல் டிரிக்கரைச் சுலபமாகத் தொட வேண்டும். தோளில் ஏற்றி ஒரு நிமிஷம் பிடித்துப் பாருங்கள். கை நடுங்கினால் அது உங்களுக்கு அதிக எடை. இரண்டு கையாலும் சின்ன ஓட்டை செய்து தூரத்துப் பொருளைப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினால் பொருள் மறைகிறதோ, அதுதான் உங்கள் குறிக்கண். இடக்கண் என்றால் இடக்கை மாடலையும் கேட்டுப் பாருங்கள்.

பெல்லட்: அட்டைக்குத் தட்டைத் தலை பெல்லட். ஓட்டை வட்டமாக விழும், மதிப்பெண் தெளிவாகத் தெரியும். இரண்டு மூன்று பிராண்டை வாங்கிச் சுட்டுப் பார்த்து, உங்கள் குழாய்க்கு எது சேர்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், பெல்லட் இன்னொரு பூட்டில். வெளியே எடுத்தால் உறைக்குள். ஏர் ரைஃபிள் கண்ணைப் பறிக்கும், விளையாட்டுப் பொருள் இல்லை.

வாங்கும் முன் ஒரே ஒரு வேலை: ஒரு சனிக்கிழமை கிளப்புக்குப் போய், அங்கே இருக்கும் துப்பாக்கியில் பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க 20 பெல்லட் சுட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் பர்ஸைத் திறங்கள். பிடிக்கவில்லையென்றால், அந்தக் காசுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக்கொண்டு, மார்கழியில் வடுவூர் ஏரிக்கரைக்குப் போங்கள். அதற்கு எந்த லைசென்ஸும் வேண்டாம்!