புது என்ஜினா? பழசைப் பிரித்துக் கட்டுவதா? வேகப் பிரியருக்கு மேஸ்திரி சொன்ன கணக்கு!

சென்னை,

"அண்ணே, புது என்ஜின் போடலாமா? இல்லே, இருக்கிறதையே பிரிச்சு வேலை பார்க்கலாமா?"

புதுப்பேட்டை பக்கத்தில் ஒரு சிறிய பட்டறை. அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வாலிபர் ஒருவர் இந்தக் கேள்வியோடு வந்து நின்றார். அவரிடம் இருப்பது ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை கக்குகிறது. கையில் 2 லட்சம் ரூபாய். அம்மா கட்டி வந்த சீட்டை எடுத்துக் கொடுத்த பணம்!

சொந்தக் காரை இருங்காட்டுக்கோட்டை பந்தய மைதானத்தில் ஒரு தடவையாவது விரட்டிப் பார்க்க வேண்டும். அதுதான் அவருடைய ஆசை.

சோழவரம் தந்த ஆசை

இந்த ஆசை சென்னைக்குப் புதிது அல்ல. 1953-ல் சென்னையில் மோட்டார் பந்தய கிளப் தொடங்கப்பட்டது. சோழவரத்தில் இருந்த பழைய யுத்தகால விமான ஓடுதளத்தில் பந்தயங்கள் நடந்தன. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய் பார்த்தவர்கள் உண்டு. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனி மைதானமே வந்துவிட்டது.

வாலிபரின் எஸ்டீம் காரும் லேசுப்பட்டது அல்ல. பார்முலா பந்தயக் கார்களிலும் மாருதியின் 1300 சி.சி. என்ஜின் ஓடியது உண்டு. ஆனால் எஸ்டீம் தயாரிப்பு 2007-லேயே நின்றுவிட்டது. புத்தம் புது என்ஜின் எங்காவது ஒரு மூலையில் கிடைத்தாலும், வைத்திருப்பவர் சொன்னதுதான் விலை.

"ஓடுற என்ஜின் ஒண்ணு வாங்கி மாட்டிட்டா?" என்று கேட்டார் வாலிபர்.

மேஸ்திரி தலையை ஆட்டினார்.

"அது எந்த வண்டியிலே இருந்து வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா தம்பி? உன் ஆர்.சி. புக்கிலே என்ஜின் நம்பர் இருக்கு. நாளைக்கு போலீஸ் மடக்கினா என்ன சொல்லுவே?"

அவர் சொல்வது வெறும் பயமுறுத்தல் அல்ல. காரின் என்ஜினை மாற்றினால், மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று ஆர்.சி.யில் பதிய வேண்டும். அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு, 2019-ல் வந்த திருத்தத்தின்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். திருட்டு வண்டியின் என்ஜினாக இருந்தால் கேட்கவே வேண்டாம்!

பழைய பிளாக்கையே வைத்து வேலை பார்த்தால் நம்பர் மாறாது. பந்தயத்துக்காக அதிகம் கைவைத்த காரை ரோட்டில் ஓட்டக் கூடாது என்பது வேறு விஷயம்.

புதுசையும் பிரிக்கணும்

"பணம் இருந்தா புதுசுதானே நல்லது?" என்று விடவில்லை வாலிபர்.

"கம்பெனி கட்டின மாதிரியே ஓட்டப்போறேன்னா புதுசு நல்லதுதான். காரண்டியும் உண்டு. நீ வேகத்துக்கு இல்லே கட்டப்போறே? வேற பிஸ்டன், வேற கேம் ஷாப்ட் போடணும்னா புது என்ஜினையும் பிரிக்கணும். பிரிச்ச உடனே காரண்டி போச்சு. கம்பெனிக்காரன் கட்டின கூலியும் வீண். பிரிச்சுப் போடறதுக்கு எதுக்குப்பா புதுசு?" என்றார் மேஸ்திரி.

பெரிய பந்தயக்காரர்களும் பழைய பிளாக்கை வெறுத்தவர்கள் அல்ல. 1983-ல் நெல்சன் பிக்கே பார்முலா 1 உலக சாம்பியன் ஆனார். அவர் காரில் இருந்தது பி.எம்.டபிள்யூ. டர்போ என்ஜின். சாதாரண காரில் வந்த 4 சிலிண்டர் இரும்பு பிளாக்கை வைத்து உருவாக்கியது அது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி பழகிய பழைய பிளாக்கைத்தான் தேடி எடுத்தார்கள் என்று பந்தய வட்டாரத்தில் சொல்வது உண்டு. வார்ப்பில் இருக்கும் இறுக்கம் ஓட ஓட அடங்கிவிடும் என்பது கணக்கு.

அளவு சொல்லும் தீர்ப்பு

அப்படியானால் பழசே போதுமா? அதுவும் இல்லை. மேஸ்திரி ஹெட்டைக் கழற்றினார். போர் கேஜை எடுத்தார். எஸ்டீமின் சிலிண்டர் விட்டம் 74 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75.5 மி.மீ.

3-வது சிலிண்டரில் மேலுக்கும் கீழுக்கும் 0.13 மி.மீ. வித்தியாசம். "0.10-க்கு மேலே போனாலே போர் பண்ணியாகணும். இதிலே ரிங் மட்டும் மாத்தினா ஆறு மாசத்திலே மறுபடி புகை வரும்" என்றார்.

அரை மி.மீ. பெரிதாகப் போர் செய்து, அதற்கு ஏற்ற பெரிய பிஸ்டன் போடலாம். இதனால் 18 சி.சி.தான் கூடும். வேகம் அதில் இல்லை. கம்ப்ரஷன், கேம், ஹெட் வேலை இவற்றில்தான் இருக்கிறது.

அடுத்து கிராங்க். 6 ஆயிரம் சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குகிறது! 3 ஆயிரம் சுற்று 6 ஆயிரம் ஆனால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை 2 மடங்கு அல்ல, 4 மடங்கு. ராடு போல்ட் அறுந்தால் ராடு பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வரும். அதனால் பேரிங், ராடு போல்ட், ஆயில் பம்ப் மூன்றும் புதுசு போட வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

ரிங்கை மாற்றி, வெளியே பெயிண்ட் அடித்து, "என்ஜின் வேலை முடிஞ்சுது சார்" என்று பில் நீட்டுகிறவர்களும் உண்டு. கார் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யலாம். கழற்றிய சாமான்களைத் திருப்பிக் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் பேப்பரில் எழுதி வாங்குங்கள். எழுதித் தராத பட்டறையில் கொடுக்காதீர்கள்.

பிளாக்கில் விரிசல் இருக்கிறதா? கிராங்க்கை முன்பே கடைசி அளவு வரை கடைந்தாகிவிட்டதா? அப்போதுதான் வேறு என்ஜினைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வாலிபரின் காரில் விரிசல் இல்லை. கிராங்க்கும் நன்றாக இருந்தது. பழசையே கட்டுவது என்று முடிவாயிற்று. லேத் கூலி, சாமான் எல்லாம் போட்டுப் பார்த்ததில் கையில் கொஞ்சம் மிஞ்சும் என்று தெரிந்தது.

"மிச்சத்துக்கு ஒரு டர்போ போட்டுடலாமா அண்ணே?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அதே நாலு மடங்கு கணக்குதான் தம்பி. 60-லே போற வண்டியை நிறுத்தறதைவிட 120-லே போறதை நிறுத்த நாலு மடங்கு பிரேக் வேலை. மிச்சப் பணத்துக்குப் பிரேக்கும் டயரும் வாங்கு. சீட்டு கட்டின அம்மா வீட்டிலே காத்துக்கிட்டு இருப்பாங்க!"