துக்க உடை கொண்டுவராத மருமகள்

ஊரிலிருந்து தந்தி வருகிறது. அம்மாவுக்கு உடம்பு ரொம்ப மோசம். டோக்கியோவிலிருக்கும் மகனும் மகளும் கிளம்பத் தயாராகிறார்கள். மகளுக்கு ஒரு யோசனை: துக்க உடையையும் கையோடு எடுத்துக்கொண்டால் என்ன? டாக்டரான அண்ணனும் தலையாட்டுகிறான். அம்மா அப்போது உயிரோடுதான் இருக்கிறாள். போரில் மாண்ட இன்னொரு மகனின் மனைவி நோரிகோ மட்டும் துக்க உடை இல்லாமல் ஊர் வந்து சேர்கிறாள்.

ஜப்பானிய இயக்குநர் யாசுஜிரோ ஓசு 1953இல் எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி'யில் வரும் காட்சி இது. மகள் கொடுமைக்காரி அல்ல. முன்யோசனை உள்ளவள், அவ்வளவுதான். அதுதான் சுடுகிறது. காரியம் முடிந்த கையோடு அம்மாவின் உடுப்புகளில் சிலவற்றை எனக்கு என்று அவள் கேட்கும்போது, நம் வீட்டுப் பீரோக்கள் நினைவுக்கு வராதவர் யார்?

கதை எளியது. ஒனோமிச்சி என்ற கடலோர ஊரிலிருந்து வயதான தம்பதி பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன அடாமிக்கு அனுப்பிக் கழற்றிவிடுகிறார்கள். அங்கே விடுதியின் இரைச்சலில் தூக்கம் வருவதில்லை. திரும்பி வந்தால் படுக்க இடமில்லை. செத்த மகனின் படுக்கையில், மருமகளின் ஒற்றை அறையில் கிழவி ஓரிரவு நிம்மதியாகத் தூங்குகிறாள். அப்பாவாக நடித்த சிஷூ ர்யூவுக்கு அப்போது வயது 49 என்றால் நம்ப முடியாது.

ஓசு பெரிய சம்பவங்களைக் காட்ட மாட்டார். ரயிலில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனது நமக்குப் பேச்சுவாக்கில்தான் தெரியவருகிறது. 1949இல் வந்த 'லேட் ஸ்ப்ரிங்' முழுக்க மகளின் கல்யாணப் பேச்சு; கல்யாணமும் இல்லை, மாப்பிள்ளையின் முகமும் இல்லை. தனியே வீடு திரும்பிய அப்பா ஆப்பிள் தோலைச் சீவுகிறார். கேமரா தரையில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழே இருக்கும், அநேகமாக அசையாது. இதை ஜென் தத்துவம் என்று தூக்கிப்பிடிக்கும் விமர்சகர்கள் உண்டு. எனக்கென்னவோ, விருந்தாளியாகப் போன வீட்டில் ஓரமாக உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்ப்பவரின் மரியாதையாகத்தான் படுகிறது.

ஓசுவுக்கும் ஒரு பெரிய சம்பவத்தைப் படமாக்கும் வேலை வந்தது. 1943இல் ஜப்பான் ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சுபாஷ் சந்திர போஸின் விடுதலைப் போரைப் பற்றிப் பிரசாரப் படம் எடுக்க வேண்டும். மலாயாத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்த இந்திய தேசிய ராணுவம் நடத்திய அதே போர்தான். படம் முடியவில்லை, ஜப்பான் சரணடைந்ததும் எடுத்ததை எரித்துவிட்டார். கைதியாக ரப்பர் தோட்டத்தில் வேலை. ஊர் திரும்பும் முதல் கப்பலில் எல்லோருக்கும் இடமில்லை என்று குலுக்கல் போட்டார்கள். அவருக்கு இடம் விழுந்தது. அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, 1946இல்தான் நாடு திரும்பினார்.

கல்யாணத்தையே திரும்பத் திரும்பப் படமாக்கியவர் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடுதான் வாழ்ந்தார். 1963 டிசம்பர் 12, அறுபதாவது பிறந்தநாளன்று இறந்தார்.

2012இல் உலக இயக்குநர்கள் வாக்களித்து 'டோக்கியோ ஸ்டோரி'யைச் சிறந்த படங்களின் வரிசையில் முதலிடத்தில் வைத்தார்கள். அதற்காகப் பார்க்க வேண்டாம். முதல் அரை மணி நேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும், எழுந்துவிடாதீர்கள். முடிந்தால் அம்மா அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.