புது ஸ்விஃப்ட் விலைக்கு பழைய பி.எம்.டபிள்யூ... வாங்கலாமா பாஸ்?

ராத்திரி பதினொரு மணிக்கு யூஸ்டு கார் ஆப்பைத் திறந்து உருட்டிக்கொண்டிருக்கும் ஆளா நீங்கள்? அப்படியென்றால் இந்த ஷாக்கை ஏற்கெனவே அனுபவித்திருப்பீர்கள். ஒரு பக்கம் புது ஸ்விஃப்ட். கிட்டத்தட்ட அதே விலையில், நாலு போட்டோ தள்ளி ஒரு கறுப்பு 'பி.எம்.டபிள்யூ 320டி'. 'நம்ம பட்ஜெட்டுக்கு பி.எம்.டபிள்யூவா!' என்று மனசு குதிக்கும். குதிக்கட்டும், தப்பில்லை. ஆனால், அட்வான்ஸ் அனுப்புவதற்கு முன்னால் ஒரே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அந்த கார் புதுசாக வந்தபோது 30 லட்சத்தை ஒட்டி விற்றது. இன்று காரின் விலை இறங்கிவிட்டது. அதன் பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன் ஆர்ம், டர்போ, இன்ஜெக்டர் எதுவும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. நீங்கள் வாங்குவது ஹேட்ச்பேக் விலையில் ஒரு கார். பராமரிக்கப்போவது 30 லட்ச ரூபாய் காரை. பழைய ஸ்போர்ட்ஸ் செடான் வாங்கிக் கையைச் சுட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதனால் கையில் 8 லட்சம் இருந்தால் 8 லட்ச ரூபாய் காரைத் தேடாதீர்கள். ஆறுக்கு கார், மிச்சம் இரண்டு முதல் வருஷச் செலவுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த இரண்டைத் தனியாக எடுத்து வைக்க முடியாது, அதையும் லோன்தான் போடணும் என்றால், இப்போதைக்கு வேண்டாமே.

இன்னொரு விஷயமும் இருக்கு. வீட்டில் இருக்கப்போகும் ஒரே கார் இதுதானா? அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, பிள்ளையை ஸ்கூலில் விட எல்லாத்துக்கும் இதுதானா? ஒரு பாகம் ஆர்டரில் வர பத்து நாள் ஆனால், பத்து நாளும் ஆட்டோதான். வீட்டில் ஏற்கெனவே ஒரு ஆல்ட்டோவோ ஆக்டிவாவோ இருந்தால் இந்த ஆசைக்கு நியாயம் உண்டு.

சரி, எந்தெந்த கார்கள்? பி.எம்.டபிள்யூ 3 சீரிஸ்தான் முதல் ஆள். நம்ம ஊர் கார் என்றே சொல்லலாம். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் தொழிற்சாலை 2007-ல் ஆரம்பித்ததே 3 சீரிஸை வைத்துத்தான். பின்சக்கர டிரைவ், கனமான ஸ்டீயரிங் என்று ஓட்டுவதற்கு அருமையான கார். அடுத்து ஸ்கோடா. 2004 வாக்கில் வந்த 150 பி.ஹெச்.பி ஆக்டேவியா ஆர்.எஸ், 2011-ல் வந்த 160 பி.எஸ் லாரா ஆர்.எஸ், 2017-ல் வந்த 230 பி.எஸ் ஆக்டேவியா ஆர்.எஸ். கடைசியாகச் சொன்னது ஆசையைத் தூண்டும். ஆனால் வந்ததே குறைவு என்பதால் விலை இறங்காமல் நிற்கிறது. இதெல்லாம் பயமாக இருக்கு என்றால் 2006-13 ஹோண்டா சிவிக் 1.8 மேனுவல். பேப்பரில் ஸ்போர்ட்ஸ் கார் இல்லைதான். ஆனால், மேலே இழுக்க இழுக்கப் பாடும் இன்ஜின், டர்போ என்ற தலைவலியும் கிடையாது. திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி செடியாவையும் சிலர் தேடிப் பிடிக்கிறார்கள். நம்ம நாட்டு ராலிகளில் கலக்கிய கார். ஆனால் மிட்சுபிஷி கார்கள் இப்போது இங்கே விற்பனையிலேயே இல்லை. உதிரிபாகத்துக்கு அலைய நேரமும், நல்ல மெக்கானிக் ஒருவரின் நட்பும் இருப்பவர்களுக்கு மட்டும்.

காலையில் போய்ப் பாருங்கள்!

டெஸ்ட் டிரைவுக்கு, முந்தின ராத்திரி முழுக்க நின்ற காரை, காலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். போனதும் முதல் வேலை, பானட்டில் கை வைப்பது. சூடாக இருக்கா? 'சும்மா ஒரு ரவுண்டு போனேன் சார்' என்று விற்பவர் சிரித்தால், நீங்களும் சிரித்துவிட்டு 'நாளைக்கு வர்றேன்' என்று கிளம்புங்கள். இன்ஜின் சூடாகிவிட்டால் மறைந்துவிடும் நோய்கள் சில இருக்கின்றன.

320டி-யில் வந்த என்47 டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. தேய்ந்து தளர்ந்தால், ஸ்டார்ட் செய்தவுடன் பின்பக்கத்திலிருந்து 'கரகர'வென்று உலோகம் உரசும் சத்தம் வரும். அதை அலட்சியம் செய்து செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், இன்ஜின் காலி. முன்கூட்டியே மாற்றலாம். ஆனால் செயின் இருக்கும் இடம் அப்படி என்பதால், இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கித்தான் ஆகணும். செயினின் விலையைவிடக் கூலியே பயமுறுத்தும். 'செயின் மாத்தியாச்சு' என்று சொன்னால் பில்லைக் கேளுங்கள். பில் இருந்தால் அந்த காருக்கு 50,000 ரூபாய் கூடக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ஸ்கோடாவின் 1.8 டி.எஸ்.ஐ இன்ஜினுக்குக் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'ஆயிலை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை டாப்-அப் பண்றீங்க?' ஆயில் குடிப்பது இதன் பழைய பதிப்புகளில் தெரிந்த பழக்கம். டிப்ஸ்டிக்கை நீங்களே உருவிப் பாருங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் எந்த டி.எஸ்.ஜி என்றும் பார்க்கணும். 1.8 ஆக்டேவியாவில் இருக்கும் 7 ஸ்பீடு, டிரை கிளட்ச் வகை. கத்திப்பாராவில் அரை மணி நேரம் ஊர்ந்து போனால் சூடாகிச் சிணுங்கும். டெஸ்ட் டிரைவில் பிரேக்கை லேசாக விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் ஊர விடுங்கள். உதறினால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது. 2017 ஆர்.எஸ்ஸில் இருக்கும் 6 ஸ்பீடு, ஆயிலில் மூழ்கிய கிளட்ச் வகை, கொஞ்சம் தெம்பானது. ஆனால் 60,000 கி.மீ-க்கு ஒருமுறை அதன் ஆயிலை மாற்றியிருக்கணும். லாரா ஆர்.எஸ் மேனுவல்தான், இந்தக் கவலையே இல்லை.

ஸ்போர்ட்ஸ் செடான் என்பதால் இன்னொரு உஷார். முந்தைய ஓனர் ஈ.சி.யு ரீமேப் செய்து பவரை ஏற்றியிருக்கலாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் வார இறுதியைக் கழித்த காராகவும் இருக்கலாம். விற்கும்போது எல்லோரும் 'பக்கா ஸ்டாக் சார்' என்றுதான் சொல்வார்கள். ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக்கை, விற்பவருக்கு அறிமுகம் இல்லாதவராகப் பார்த்து, சில ஆயிரம் கொடுத்துக் கூட்டிப்போங்கள். பி.எம்.டபிள்யூ என்றால் ஓடிய கிலோமீட்டர் சாவியிலும் பதிவாகியிருக்கும். மீட்டரைச் சுற்றியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்வார்கள். டயரில் 2318 என்று நாலு இலக்கம் இருந்தால், 2018-ம் வருஷத்தின் 23-வது வாரம் தயாரானது. நாலு டயரும் அந்தக் காலத்ததா? ரன்-ஃபிளாட் டயர் விலையை விசாரித்துவிட்டு பேரத்துக்கு உட்காருங்கள்.

வெள்ளமும் டெல்லியும்

சென்னை கார் என்றால் 2015 டிசம்பரும் 2023 டிசம்பரும் ஞாபகம் இருக்கட்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் தண்ணீரில் நின்ற காராக இருக்கலாம். சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயில், ஸ்டெப்னி குழி இரண்டிலும் துரு இருக்கா என்று பாருங்கள். கார் முழுக்க ஏர் ஃபிரஷ்னர் தூக்கலாக மணந்தாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும். எலெக்ட்ரானிக்ஸ் நிறைந்த கார்களில் வெள்ளச் சேதம் ஒரே நாளில் தெரியாது. வயரிங் மெதுவாக அரித்து, ஒவ்வொன்றாகச் செயலிழக்கும்.

டெல்லி கார் மலிவாகக் கிடைக்கக் காரணம் இருக்கிறது. 10 வருஷம் தாண்டிய டீசல், 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு அங்கே வந்த கட்டுப்பாட்டை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. அதனால் பழைய டீசல் செடான்கள் தெற்கே இறங்கின. என்.ஓ.சி வாங்கி, இங்கே சாலை வரி கட்டி, மறுபதிவு செய்து முடிக்கும்போது அந்த 'மலிவு' எவ்வளவு மிஞ்சுகிறது என்று ஆர்.டி.ஓ ஆபீஸில் முதலிலேயே விசாரியுங்கள்.

பேப்பர்களில் ஆர்.சி, லோன் இருந்தால் வங்கியின் என்.ஓ.சி, படிவம் 35 எல்லாம் உங்களுக்கே தெரியும். பலர் பார்க்காமல் விடுவது பழைய இன்ஷூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் 50 சதவிகிதம் என்றிருந்தால், அந்த ஓனர் ஐந்து வருஷமாக கிளெய்ம் எடுக்கவில்லை. பூஜ்யம் என்றால் சமீபத்தில் கிளெய்ம் எடுத்திருக்கலாம், அல்லது கார் கைமாறியிருக்கலாம். எது என்று கேளுங்கள். அந்த போனஸ் ஓனருடையது, காரோடு உங்களுக்கு வராது. 2012 கார் என்றால் ஆர்.சி 2027-ல் முடிகிறது. அதன் பிறகு எஃப்.சி காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். பேரம் பேசும்போது அந்தச் செலவையும் சேர்த்தே பேசுங்கள்.