அடையாற்று வளைவுகளும் கரை காக்கும் கடமையும்

ஆற்றுக்குப் பலமான கரை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளாதார் இல்லை. எந்தக் கரையை முதலில் காப்பது என்று கேட்கும்போதுதான் வழக்கு எழுகிறது.

2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி ஜலம் திறக்கப்பட்டது. பிற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துகொள்ள, ஜாபர்கான்பேட்டையிலும் சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் அடையாறு கரைபுரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. சுவர் எழுப்பினால் போதும் என்பது பலருடைய எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை.

ஆறு வளையும் இடத்தில் பிரவாகத்தின் வேகம் வெளிக்கரையையே தாக்கி அடிமண்ணை அரிக்கிறது. உட்கரையில் மணல் மேடிடுகிறது. அடிமண் போனபின் சுவர் எத்தனை நாள் நிற்கும்? ஆகவே, கரையிலிருந்து ஆற்றுக்குள் கல்தடுப்புகளை நீட்டி, வேகத்தை நடுவாற்றுக்குத் திருப்புவது அனுபவத்தில் கண்ட முறை. கடற்கரையில் நாம் 'தூண்டில் வளைவு' என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தடுப்பின் நீளத்தைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு இடைவெளிவிட்டு வரிசையாக அமைத்தால், இடையில் வண்டல் படிந்து கரை வலுப்பெறும். நுனியில் நீர்ச்சுழல் பள்ளம் பறிக்குமாதலால், அங்கே பெருங்கற்களைப் பரப்புதல் அவசியம்.

ஆனால் இம்முறையில் ஓர் அபாயமும் உண்டு. இக்கரையிலிருந்து தள்ளப்பட்ட வெள்ளம் அக்கரையைத் தாக்கக்கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலில் கற்சுவர்கள் நீட்டப்பட்டதும், தெற்கே மெரினாவில் மணல் குவிந்தது. வடக்கே ராயபுரம் கரையை அலை அரித்தது. ஒரு புறத்து லாபம் மறுபுறத்து ஜனங்களின் நஷ்டமாயிற்று.

ஒடுங்கிப்போன அடையாற்றில் தடுப்புகளை மட்டும் நீட்டினால், வெள்ளம் செல்லும் வழி மேலும் குறுகும். ஆகவே முதலில் ஆற்றுக்கு அதன் அகலத்தைத் திருப்பித் தரவேண்டும். அந்தப் பாரத்தை யார் தலையில் சுமத்துவது? கரையோரக் குடிசைவாசிகள் பலர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டார்கள். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையோ இன்றும் ஆற்றின் மேலேயே கிடக்கிறது. ஏழைக்கு ஒரு சட்டம், பெரிய ஸ்தாபனங்களுக்கு ஒரு சட்டம் என்பது நியாயமாகாது.

நாம் கோருவது இதுதான்: ஒவ்வொரு வளைவிலும் இரு கரைகளையும் சேர்த்தே ஆராயவேண்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் ஆற்றுக்குச் சமீபத்திலேயே இருக்கின்றன. மாதிரி அமைத்துப் பரிசோதிக்க நிபுணர்களுக்குப் பஞ்சமில்லை. அதன் முடிவுகளைத் தமிழில் வெளியிட்டு, இரு கரை ஜனங்களின் சம்மதத்தையும் பெற்ற பின்னரே சர்க்கார் முதற்கல்லை ஆற்றில் இடவேண்டும். கரையோர வட்டங்களில் ஊழியம் செய்யும் தேசபக்தர்கள் இக்கோரிக்கையை வீடுதோறும் கொண்டுசெல்வார்களாக.