சாரலை மறிக்கும் கித்தான்

1960 ஜூன் 11 அன்று இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து நியூயார்க்கை நோக்கி ஒரு பாய்மரப் பந்தயம் கிளம்பியது. படகுக்கு ஒரே ஆள் என்பது நிபந்தனை. யோசனை பிளாண்டி ஹாஸ்லருடையது. 1942 டிசம்பரில் சிறு துடுப்புப் படகுகளில் போர்தோ துறைமுகத்துக்குள் நுழைந்து ஜெர்மானியர் வசமிருந்த கப்பல்களுக்கு வெடி வைத்த அதே ஹாஸ்லர்தான். அவருடைய ‘ஜெஸ்டர்’ வெறும் 25 அடி நீளம். ஸ்காண்டிநேவியாவின் ‘ஃபோக்போட்’ வகை உடலை எடுத்து, டெக்கை மூடி, நடுவில் ஒரு வட்டத் திறப்பை வைத்தார். அதன்மேல் சுழலும் மடக்குக் கூரை. சைக்கிள் ரிக்‌ஷாவில் மழைக்கு இழுத்துவிடுவோமே, கிட்டத்தட்ட அதுதான். காற்று எந்தப் பக்கம் வீசினாலும் கூரையின் முதுகை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். பாயைக் கட்டுப்படுத்தும் கயிறுகள் எல்லாம் அந்தத் திறப்புக்கே வந்து சேர்ந்தன. 48 நாளில் நியூயார்க்கை அடைந்து இரண்டாம் இடம் பிடித்தார். முந்தியவர் பிரான்சிஸ் சிசெஸ்டர், 40 நாளில்; அவர் படகு ஏறக்குறைய 40 அடி.

டெக்கையே மாற்றிக் கட்டும் துணிச்சல் எல்லோருக்கும் வராது. இன்று சின்னப் பாய்மரப் படகு வைத்திருப்பவர்கள் செய்வது, கேபினுக்குள் இறங்கும் வாசலுக்கு மேலே, ஸ்டீல் குழாய் வளைவுகளில் கித்தான் போர்த்திய ஒரு மறைப்பைப் பொருத்துவது. டாட்ஜர் என்றும் ஸ்ப்ரேஹூட் என்றும் சொல்வார்கள். பார்க்க எளிய சாமான். செய்யத் தொடங்கினால் காற்றியலும் உடலியலும் உலோகவியலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும்.

முதலில் சாரல். படகு காற்றை எதிர்த்துப் போகையில் அணியம் அலையில் மோதும். தண்ணீர் தகடாக எழும்பி, கிழிந்து, துளிகளாகும். இந்தத் துளிகள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. 1 மில்லிமீட்டர் துளி அசையாத காற்றில் நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் விழும். அதில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளிக்கு நொடிக்கு 30 சென்டிமீட்டர்கூட எட்டாது. அதாவது பெரிய துளிக்குத் தன் பாதையை மாற்றிக்கொள்ளத் தெரியாது. காற்று மறைப்பைச் சுற்றி வளைந்து போனாலும் அது நேராக வந்து கித்தானில் அறையும். நுண்துளியோ காற்றோடு சேர்ந்து வளைந்து, விளிம்பைத் தாண்டி, பின்னால் சுழலும் காற்றில் சிக்கி உள்ளே வரும். ஆகவே எந்த மறைப்பும் ஈரத்தை முழுக்கத் தடுக்காது. வாளி வாளியாக வருவதைப் பூந்தூறலாக்கினால் அது தன் வேலையைச் செய்துவிட்டது.

அது சின்ன வேலையல்ல. மே மாதத்தில் பிளிமத் பக்கம் கடல்நீர் 11, 12 டிகிரி. நனைந்த உடுப்பிலிருந்து 100 கிராம் நீர் ஆவியாக ஏறக்குறைய 240 கிலோஜூல் வெப்பம் வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு 40 நிமிடத்தில் உண்டாக்கும் வெப்பம் அவ்வளவுதான். அத்தனையும் உடம்பிலிருந்தே போனால், 70 கிலோ ஆளின் உடல் வெப்பநிலை 1 டிகிரி இறங்கிவிடும். நடுங்கும் கை முடிச்சைத் தவறாகப் போடும். குளிர்ந்த மூளை கரையைத் தவறாகக் கணிக்கும். டாட்ஜரைச் சொகுசு என்று கிண்டலடிக்கும் பழைய மாலுமிகளின் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எவ்வளவு உயரம் வைப்பது என்பதில்தான் சண்டை. உயரமாக வைத்தால் நிமிர்ந்து இறங்கலாம், மறைவும் அதிகம். ஆனால் மேலே பாயின் அடிக்கழி, அதாவது பூம், குறுக்கே போய் வரும். பாயை இறக்கும்போது இன்னும் கொஞ்சம் தாழும். காற்று பிடிக்கும் பரப்பும் கூடும். எல்லாவற்றையும்விட முக்கியம், சுக்கான் பிடிப்பவரின் கண். 25 அடிப் படகில் உட்கார்ந்தபடி மறைப்புக்கு மேலாக அடிவானம் தெரிய வேண்டும், இல்லையென்றால் ஜன்னல் வழியாகத் தெளிவாகத் தெரிய வேண்டும். விளிம்பு சரியாகக் கண்மட்டத்தில் வந்து நின்றால், ஆள் நாள் முழுக்கக் கழுத்தை நீட்டியும் குனிந்தும் பார்த்துக்கொண்டே இருப்பார். எதிரே வரும் மீன்பிடிப் படகு அந்த விளிம்புக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். மின்கம்பி ஓடும் பிளாஸ்டிக் குழாயை வளைத்து, பழைய போர்வையைப் போர்த்தி, சுக்கான் பக்கம் உட்கார்ந்தும் நின்றும் பார்த்த பிறகே ஸ்டீலை வளைக்கக் கொடுக்க வேண்டும். கேபின் கூரைமேல் வின்ச் இருந்தால் அதன் கைப்பிடி முழுச் சுற்றும் சுற்றுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எவ்வளவு பலம் வேண்டும்? 25 நாட் வேகக் காற்று, நேர் எதிரே நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 10 கிலோ அழுத்தும். 50 நாட்டில் அது இரட்டிப்பாவதில்லை, நான்கு மடங்காகி 40 கிலோ. இதை ஒரு அங்குலக் குழாய் தாங்கிவிடும். தண்ணீரின் கதை வேறு. காற்றைப்போல 800 மடங்குக்கு மேல் அடர்த்தி. நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு முழு அலை வந்து மோதினால் அதே சதுர மீட்டரில் 1,300 கிலோ. அதைத் தாங்கும்படி கட்டினால் டெக் பிய்ந்துகொண்டு போகும். புயல் வருகிறதென்றால் கூரையை மடித்துக் கட்டிவிடுவதே சரி. எதைத் தாங்கச் செய்தோம், எதற்கு விட்டுக்கொடுக்கச் செய்தோம் என்று செய்தவருக்குத் தெரிந்திருந்தால் போதும். இன்னொன்று: கவிழப் போகிற மாதிரி சாய்ந்த படகில் மனிதர் எதையும் பிடித்துக்கொள்வார். பின்வளைவு பிடிமானத்துக்கு அல்ல என்று எழுதி ஒட்டினாலும் பிடிப்பார். அங்கே தனியாக ஒரு கைப்பிடிக் குழாயைச் சேர்ப்பதே புத்தி.

உப்புக்காற்றில் சாதாரண 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பழுப்புப் புள்ளிகள் விழும். 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால் குளோரைடை அது நன்றாகவே எதிர்க்கும். அதுவும் வெளிக்காற்றில் இருக்கும் வரைதான். டெக்குக்கு அடியில் ஈரத்தில் புதைந்த போல்ட்டுக்கு ஆக்சிஜன் எட்டாது. தன்னைக் காக்கும் குரோமியம் ஆக்சைடு படலத்தைப் புதுப்பிக்க முடியாமல் வெளியே பளபளத்துக்கொண்டே உள்ளே அரிக்கும்.

அதனால் துளை போடும் இடத்தில் அவசரம் கூடாது. கண்ணாடியிழைப் படகுகள் பலவற்றின் டெக்கில் இரண்டு தகடுகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 6 மில்லிமீட்டர் துளை போட்டு அப்படியே முடுக்கினால், என்றாவது கசியும் நீர் பால்சாவுக்குள் பரவி, டெக் மெத்தென்று ஆகிவிடும். முதலில் 12 மில்லிமீட்டரில் துளைத்து, கெட்டியாகக் குழைத்த எபாக்ஸியால் அடைத்து, அது இறுகிய பிறகு நடுவில் 6 மில்லிமீட்டர் போட வேண்டும். துளையின் வாயைச் சற்றுச் சரிவாகக் குடைந்து பியூட்டைல் நாடாவைச் சுற்றி முடுக்கினால், போல்ட்டின் கழுத்தைச் சுற்றி ஒரு ரப்பர் வளையமே உருவாகிவிடும்.

ஜன்னலுக்குப் பொதுவாக ஒளிபுகும் பி.வி.சி. தாள். அதை மடிக்காமல் சுருட்ட வேண்டும். தாள் ஸ்டீல் குழாயைத் தொட்டுக்கொண்டிருந்தால் வெயிலில் சூடேறிய குழாய் அதில் தழும்பு போட்டுவிடும். ஆகவே குழாய் கித்தானுக்கு அடியில்தான் ஓட வேண்டும்.

மறைவுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. பின்பக்கமும் திரைபோட்டு காக்பிட்டை முக்கால்வாசி மூடிவிட்டு எஞ்சினில் ஓடினால், கூரைக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து, பின்புறம் வெளியேறும் புகையை உள்ளே இழுக்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. முன் ஜன்னலை ஜிப்பைத் திறந்து சுருட்டிவைக்கும்படி தைத்தால் காற்று நேராகப் பாய்ந்து புகையைத் தள்ளிவிடும். தைக்கும்போது இதற்குச் செலவு ஒரு ஜிப் மட்டுமே.

கித்தான் என்று பழக்கத்தில் சொன்னாலும் இப்போதைய துணி பருத்தியல்ல, அக்ரிலிக். இழையாக இழுப்பதற்கு முன்பே சாயம் கலந்துவிடுவதால் எளிதில் வெளுக்காது. முதலில் இற்றுப்போவது தையல் நூல். பாலியெஸ்டர் நூலைப் புற ஊதாக் கதிர் தின்றுவிடும்; துணி நன்றாக இருக்கும்போதே தையல் விரலால் கீறினால் பிரியும். பி.டி.எஃப்.இ. நூலை வெயில் ஒன்றும் செய்வதில்லை. விலை பல மடங்கு. ஆனால் ஒரு டாட்ஜருக்கு ஆகும் நூல் கொஞ்சம்தான். தையல்கூலியைக் கணக்குப் பார்ப்பவர்கள் அதையே வாங்குகிறார்கள்.